வியாகுலம் என்று பேர் வைத்தால் வீட்டில் துக்கம் வருமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு மூன்று மாதம், அடுத்த மாதம் ஞானஸ்நானம். கணவர் பெயரில் ஓர் இந்துக் கடவுளின் பெயர் இருக்கிறது; அவர் பிறந்தபோது அந்தக் குடும்பம் சபைக்கு வந்திருக்கவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கணவர் பெயரை மாற்றாவிட்டால் சாபம் விலகாது. இந்தத் தாயின் பாட்டி பெயர் வியாகுலம். அந்தப் பெயரால்தான் அந்த வீட்டில் துக்கம் தீரவில்லை. பிள்ளைக்கு வேதத்தில் உள்ள பெயரை வைக்காவிட்டால் ஆசீர்வாதம் தங்காது. இவர்களோ, நம் கன்னியாகுமரி மாவட்டத்து வழக்கப்படி, அப்பா பெயரில் கொஞ்சமும் அம்மா பெயரில் கொஞ்சமும் எடுத்து ஒரு பெயரைச் செய்து வைத்திருக்கிறார்கள். பெயருக்கு உண்மையிலேயே ஆவிக்குரிய வல்லமை உண்டா, இல்லையென்றால் வேதத்தில் கடவுளே ஏன் பெயர் மாற்றுகிறார் என்பது கேள்வி.

முதலில் அந்தப் பயத்தை எடுத்து ஒரு ஓரமாக வையுங்கள். அதை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பெயர் தேட வேண்டாம்.

நான் முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன். எங்கள் பங்குக் கோயிலில் செல்லரித்துப்போன ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புது நோட்டில் பெயர்த்தெழுத இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்திருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆனால் பெண் எடுத்தது சீர்திருத்த சபையான சிஎஸ்ஐயில். அதனால் இரண்டு வீட்டுப் பேச்சும் எனக்குப் பழக்கம்.

வியாகுலத்திலிருந்தே தொடங்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மட்டும் மூன்று வியாகுலம் இருந்தார்கள். கிணற்றடி வியாகுலம், நெட்டை வியாகுலம், கருவாட்டு வியாகுலம். மூன்று பேரில் கருவாட்டு வியாகுலம் சிரிக்க ஆரம்பித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். துக்கம் அவருக்கும் வந்தது. பக்கத்து வீட்டு ஆரோக்கியத்துக்கு நோய் வந்ததைப் போல, எதிர்வீட்டு பாக்கியத்துக்குக் கடன் வந்ததைப் போல.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வியாகுல மாதாவிடமிருந்து. செப்டம்பர் 15 அவருடைய திருநாள். குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, உம் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னது ஒரு வியாகுலம். சிலுவையடியில் நின்றது இன்னொரு வியாகுலம். இப்படி ஏழு எண்ணுவார்கள். யோவான் நற்செய்தி 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: அந்தத் தாய் அங்கே விழுந்து புரண்டதாகவோ மயங்கியதாகவோ இல்லை, நின்றதாக இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் துக்கத்தை விரும்பி அழைக்கவில்லை. துக்கம் எப்படியும் வரும், வரும்போது நின்றவள் ஒருத்தி உண்டு, அவள் கையில் இந்தப் பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தார்கள். கடற்கரையில் சிலுவை என்றே ஆணுக்குப் பெயர் வைப்பதும் இதே நினைப்பில்தான்.

பொருளைப் பார்த்துத்தான் பெயரென்றால் மரியா என்ற பெயரே வைக்க முடியாது. அதற்குக் 'கசப்பு' என்று ஒரு பொருள் சொல்வதுண்டு.

வேதத்திலேயே துக்கப் பெயர்கள் இருக்கின்றன. 1 நாளாகமம் 4ஆம் அதிகாரத்தில், வம்சப் பட்டியலுக்கு நடுவில், யாபேஸ் என்று ஒருவன் வருகிறான். துக்கத்தோடு பெற்றேன் என்று தாய் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். அவன் கடவுளிடம் வேண்டினான், வேண்டியது கிடைத்தது. பெயரை மாற்றியதாக ஒரு வார்த்தை இல்லை. ரூத் புத்தகத்தில் நகோமி கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பி, என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாரா என்று சொல்லுங்கள் என்கிறாள். நகோமி என்றால் இனிமை, மாரா என்றால் கசப்பு. ஆனால் அந்தக் கதையை எழுதியவர் கடைசி வரை அவளை நகோமி என்றேதான் எழுதுகிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதை விரலை வைத்துக் காட்டுவேன். அவள் வாய் மாரா என்கிறது. புத்தகம் அதைக் கேட்டுக்கொண்டது, பெயரை மாற்றவில்லை.

சரி, கணவர் பெயருக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் ரோமர் 16ஆம் அதிகாரம் வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிவிடுகிற இடம். அங்கே பவுல் வாழ்த்துச் சொல்கிறவர்களில் எர்மே என்று ஒருவர்; அது கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸின் பெயர். நேரே என்று ஒருவர். அது கிரேக்கர்களின் ஒரு கடல் தெய்வம். முதல் வசனத்திலேயே வருகிற பெபேயாள் பெயரும் கிரேக்க தெய்வத்துக்கு உரியதுதான். அப்பொல்லோ பெயரில் அப்பல்லோ கடவுள், பிலிப்பியர் நிருபத்து எப்பாப்பிரோதீத்து பெயரில் அப்ரோடைட்டி. இவர்களில் ஒருவரையாவது, பெயரை மாற்றிவிட்டு வா என்று பவுல் சொன்னதாக எங்கும் இல்லை. பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்று எழுதி, அவளைக் கர்த்தருக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்.

இன்னும் பழைய சாட்சி தானியேல். பாபிலோனில் அவனுக்கு வைத்த பெயர் பெல்தெஷாத்சார். என் தேவனுடைய நாமத்தின்படி வைத்தது என்று நேபுகாத்நேச்சார் ராஜாவே சொல்கிறான். அவனுடைய தோழர்கள் மூன்று பேரையும் அப்படித்தான் பெயர் மாற்றினார்கள். நாம் அனனியா, மீஷாவேல், அசரியா என்றா சொல்கிறோம்? ஞாயிறு பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்றுதான் சொல்லும். ஆபேத்நேகோ என்றால் நேபோ என்ற பாபிலோனியக் கடவுளின் ஊழியன் என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயரோடுதான் அவன் சூளைக்குள் போனான், அந்தப் பெயரோடுதான் மயிர் கருகாமல் வெளியே வந்தான்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 533ஆம் ஆண்டில் மெர்கூரியுஸ் என்ற குரு போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெர்கூரி ரோமர்களின் கடவுள். ஒரு போப்பாண்டவருக்கு அது பொருந்தாது என்று கருதி இரண்டாம் யோவான் என்று பெயர் வைத்துக்கொண்டார். போப்பாண்டவர்கள் பெயர் மாற்றுகிற வழக்கத்துக்கு அவர்தான் முதல். ஆக, உங்கள் கணவருக்கே, என் விசுவாசம் என் பெயரில் தெரியட்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாக மாற்றலாம். அவர் மனதிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். சாபம் என்று மிரட்டி மாற்ற வைப்பது வேறு விஷயம். நியூமராலஜிக்காரர் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறார், இவர் ஒரு சாமியை எடுக்கச் சொல்கிறார். கடை வேறு, சரக்கு ஒன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். அதனால் கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களை இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியென்றால் கடவுள் ஏன் ஆபிராமை ஆபிரகாம் ஆக்கினார், யாக்கோபை இஸ்ரவேல் ஆக்கினார், சீமோனைக் கேபா, அதாவது பேதுரு, ஆக்கினார்? கேள்வியில் சாரமான இடம் இதுதான். அந்த இடங்களைத் திறந்து படித்தால் ஒன்று தெரியும். யாரும் போய், என் பெயர் சரியில்லை, மாற்றித் தாரும் என்று கேட்கவில்லை. கடவுள் ஒரு வேலையைக் கொடுக்கிறார். வேலையோடு சேர்த்துப் பெயரைக் கொடுக்கிறார். ஆபிரகாமுக்கு அப்போது வயது 99. திரளான ஜாதிகளுக்குத் தகப்பன் என்ற பெயரோடு அவர் நடந்தபோது சாராள் வயிற்றில் ஒரு பிள்ளைகூட இல்லை. சீமோனுக்குப் பாறை என்று பெயர். அந்தப் பாறை ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு உருண்டு விழுந்ததும் நற்செய்தியில்தான் இருக்கிறது. பெயர் கிடைத்த அன்றைக்கே அவர்கள் மாறிவிடவில்லை. அந்தப் பெயருக்கு வந்து சேர அவர்களுக்கு ஆயுள் பிடித்தது.

சவுல் பவுலானதையும் இதோடு சேர்ப்பார்கள். அது தவறு. தமஸ்கு வழியில் விழுந்தது அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரம். அதற்குப் பிறகும் சவுல் என்றுதான் வருகிறது. 13ஆம் அதிகாரத்தில், பவுல் என்று சொல்லப்பட்ட சவுல் என்று ஒரு வரி. யூதர்களிடம் ஒரு பெயர், ரோமர்களிடம் ஒரு பெயர் என்று இரண்டு பெயர் வைத்திருந்தவர், ரோமர்கள் நடுவே போனதும் அங்கே புழங்குகிற பெயரை எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு பெயர், வளைகுடா கம்பெனியில் ஒரு பெயர் என்று நம் ஊர்ப் பையன்கள் இருப்பதில்லையா, அது மாதிரி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பெயர் மாற்றத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் யார் பேசினாலும் நட்டாலத்தைத் தாண்டிப் போக முடியாது.

1712இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் மூலமாகக் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் பூட்டாரி என்ற இயேசு சபைக் குரு அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தேர்ந்தெடுத்த பெயர் லாசர். லாசர் என்பது எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம். கடவுள் உதவினார் என்று பொருள். அதை அப்படியே லாசர் என்று விட்டுவிடாமல் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார்.

அடுத்த ஏழு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் வைத்த பிறகுதான் அவருக்குப் பதவி போனது. சிறை, அடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன அவமானம், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. பெயர் மனிதனைக் காப்பாற்றும் தாயத்து என்றால், நீலகண்டனாக இருந்தவரைதான் அவர் பத்திரமாக இருந்தார். உங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவரின் கணக்குப்படி பார்த்தால் அந்த ஞானஸ்நானமே பெரிய நஷ்டம். ஆனால் கோட்டாறு சவேரியார் கோயிலில் அவருடைய கல்லறை முன்னால் முழந்தாளிடுகிற யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கடவுள் உதவினார் என்ற பெயரைச் சுமந்துகொண்டு, உதவி எதுவும் கண்ணுக்குத் தெரியாத மூன்று வருஷச் சிறையில் அதை மறுக்காமல் இருந்தாரே, அங்கேதான் அந்தப் பெயர் அவருடையதாயிற்று.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது அவரைத் தேவசகாயம் பிள்ளை என்றுதான் சொன்னோம். சாதியைத் தூக்கி எறிந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர் பெயருக்குப் பின்னால் சாதி எதற்கு என்று கேள்வி எழுந்தது, கடிதங்கள் போயின. 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தபோது பிள்ளை இல்லை, தேவசகாயம் மட்டும். இறந்து 270 ஆண்டுகள் கழித்து ஒருவர் பெயரைத் திருத்துவது சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை. வடசேரிச் சந்தையில் காய் விற்கிறவரிலிருந்து கல்லூரிப் பேராசிரியர் வரை அன்றைக்கு அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

சாதியைச் சொன்னதால் இதையும் சேர்க்க வேண்டும். பெயரின் மகிமை நம் முன்னோர்களுக்கு வேறு விதமாகப் புரிந்திருந்தது. கீழே வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவரை மேல்சாதிக்காரர் முழுப் பெயர் சொல்லி விளிக்காத காலம் அது. ஏய், டேய் என்பதே பெயர். தோளில் சீலை போடுவதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்த ஊர். அங்கே மயிலாடியைச் சேர்ந்த மகராசன் தஞ்சாவூருக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பி வந்தார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806இல் மயிலாடிக்கு வந்தார். தென்திருவிதாங்கூர் சீர்திருத்த சபையின் வேர் அங்கே. வேதத்தின் மாணிக்கம்! வேதம் என்ற சொல்லைக் காதால் கேட்கவே உரிமையில்லை என்று சொல்லப்பட்ட ஒருவர் அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். ஞானாபரணம், சத்தியநேசன், ஏசுவடியான், நேசமணி என்று பின்னால் வந்த பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் எதிரிகூட ஞானம், சத்தியம், நேசம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மிஷனரிகள் காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது: போர்டிங் பிள்ளைக்குப் பணம் அனுப்புகிற இங்கிலாந்துக்காரரின் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். அது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனாலும் அந்தப் பெயர்கள் இன்றும் சில குடும்பங்களில் தாத்தா பெயராகத் தொடர்கின்றன, யாருடைய பெயர் என்றே தெரியாமல்.

கடற்கரைக் கதை இதற்கும் 250 வருஷம் பழையது. சவேரியார் 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சொல்கிறார். கொடுத்து முடித்ததும் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தாராம். எனக்கு அந்தப் பத்தாயிரத்தைவிட இந்த எழுதிக் கொடுத்த காரியம்தான் மனதில் நிற்கிறது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும்? இருந்தாலும் கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீர் தெளித்து அனுப்பாமல், ஆளுக்கு ஒரு பெயர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பதிவேடு பெயர்த்தெழுதியபோது நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். பழைய பக்கங்களில் சூசை, சவரிமுத்து, அருளப்பன், சின்னப்பன், ஆசீர்வாதம், அமலோற்பவம், செபமாலை. இதில் சூசை போர்த்துகீசிய உச்சரிப்பின் வழியாக வந்த யோசேப்பு. அருளப்பன் மொழிபெயர்ப்பு: யோவான் என்றால் கடவுளின் அருள். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவன், அதனால் சின்னப்பன். பெனடிக்ட் ஆசீர்வாதம் ஆனார். எவ்வளவு துணிச்சலான தமிழ்! அடுத்த தலைமுறைப் பக்கங்களில் ஸ்டீபன், மேரி, ஸ்டெல்லா. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்த பிறகு கோயிலில்கூட அருளப்பரும் சின்னப்பரும் போய், யோவானும் பவுலும் நிலைத்துவிட்டார்கள். கடைசி நோட்டில் அஜின், ஜெபின், அபிஷா, ஜெனிஷ். மாவட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போனால் இந்த 'இன்', 'இஷ்' முடிவைக் கேட்டதுமே, நீங்க கன்னியாகுமரியா என்று கேட்டுவிடுகிறார்கள்.

இப்படிச் செய்த பெயரை ஞானஸ்நானத்தில் வைக்கலாமா? வைக்கலாம். 1566இல் வந்த திரெந்து சங்க மறைக்கல்வி நூல் புனிதர் பெயரைத்தான் வைக்கச் சொன்னது. 1917இன் திருச்சபைச் சட்டம், பெற்றோர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் குருவே ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. இப்போது நடப்பில் உள்ள 1983 சட்டத்தின் 855ஆம் விதி கேட்பது ஒன்றே ஒன்று: கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இருக்கக் கூடாது. அபிஷ் மாதிரி ஒரு பெயர் அந்நியமா? என் காதுக்குக் கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான். பல பங்குகளில் அந்தப் பெயரோடு ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்வார்கள். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வேதப் பெயர்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் புதிதல்ல. 1546இல் ஜெனீவாவில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு கிளாட் என்று பெயர் சொல்ல, அது அந்தப் பகுதிப் புனிதர் பெயர் என்பதால் போதகர் தன்னிஷ்டத்துக்கு ஆபிரகாம் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். தகப்பன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஊரே இரண்டுபட்டது. வேதப் பெயர் மனிதனைச் செய்துவிடும் என்று நம்புகிறவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா என்ற பெயரை மட்டும் தேடிப் படிக்கலாம். கர்த்தர் கிருபையுள்ளவர் என்று அதற்குப் பொருள். 5ஆம் அதிகாரத்து அனனியா நிலம் விற்ற பணத்தில் பொய் சொல்லி விழுந்து செத்தான். 9ஆம் அதிகாரத்து அனனியா பயந்துகொண்டே போய், சகோதரனாகிய சவுலே என்று கூப்பிட்டு அவர் கண்ணைத் திறந்தார். 23ஆம் அதிகாரத்து அனனியா பிரதான ஆசாரியன். பவுலை வாயில் அடிக்கச் சொன்னவன். ஒரே பெயர், மூன்று ஆட்கள்.

ஞானஸ்நானத்தைப் பற்றியே ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் தீர்த்துவிடலாம். நாம் அதைப் பெயர் வைக்கிற சடங்கு என்று நினைக்கிறோம். குரு முதலில் பிள்ளையின் பெயரைக் கேட்கிறார், உண்மைதான். ஆனால் தண்ணீர் ஊற்றும்போது சொல்வது என்ன? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனை அந்தப் பெயருக்குள் வைக்கிறார்கள். காப்பது அந்தப் பெயர். பிள்ளையின் பெயர் அவனைக் கூப்பிடுவதற்கு.

இங்கே நம் பக்கத்துச் சொல் ஒன்று எனக்கு உதவுகிறது. கூப்பிடுவதை நாம் விளிப்பது என்போம். கூப்பிட்டதற்கு ஓ என்று பதில் கொடுப்பதை விளி கேட்பது என்போம். 'மக்ளே, பேரு விளிச்சா விளி கேக்கணும்' என்று என் அம்மாச்சி திட்டுவார். வேதத்தில் பெயரின் விஷயமெல்லாம் இந்த விளியும் விளி கேட்பதும்தான். ஆபிரகாமே, ஆபிரகாமே. மோசே, மோசே. சாமுவேலே, சாமுவேலே. மார்த்தாளே, மார்த்தாளே. சவுலே, சவுலே. இரண்டு தடவை, வீட்டில் அம்மா கூப்பிடுகிற மாதிரி. சின்னப் பையன் சாமுவேல் மூன்று தடவை தப்பான ஆளிடம் ஓடிப்போய் நின்றான். உயிர்த்த அன்று காலையில் மகதலா மரியாள் இயேசுவைக் கண்ணால் பார்த்தும் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். மரியாளே என்று கூப்பிட்டதும் திரும்பினாள். முகம் காட்டிக்கொடுக்காததைக் குரல் காட்டிக்கொடுத்தது. 'உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன். நீ என்னுடையவன்' என்ற ஏசாயா 43ஆம் அதிகாரத்து வசனத்தை நம் வீட்டுச் சுவர்க் காலண்டரில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அதில், நல்ல அர்த்தமுள்ள பேரைச் சொல்லி என்று இல்லை.

ஆகவே உங்கள் மகனுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் கடவுள் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார். கேள்வி, அவன் விளி கேட்பானா என்பது. அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஏன் அந்தப் பெயர் என்று அவன் ஏழெட்டு வயதில் கேட்கும்போது சொல்ல ஒரு கதை வைத்திருங்கள். அதனால்தான் செய்த பெயரோடு இன்னொரு பெயரும் சேர்க்கலாம் என்கிறேன். 'அப்பா பேரில் பாதி, அம்மா பேரில் பாதி' என்பதும் ஒரு கதைதான், ஆனால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். தேவசகாயம் என்று சேர்த்தால் காற்றாடிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய், தட்டினால் மணி போல ஒலிக்கும் அந்தப் பாறையைத் தட்டிக் காட்டிச் சொல்ல ஒரு நாள் முழுக்கக் கதை இருக்கும்.

நடைமுறை ஒன்று. பிறப்புச் சான்றிதழில் பெயரைப் பிறந்து ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம். எதை வைத்தாலும் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். என் கதை அதற்குப் பாடம். பதிவேட்டில் எனக்கு இரண்டு சொல் பெயர். பள்ளியில் சேர்க்கப்போன மாமா அவசரத்தில் அதைத் திருப்பிச் சொல்ல, எழுதியவர் பாதியை இனிஷியல் ஆக்கிவிட்டார். கோயிலில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிற நேரத்தில்தான் இரண்டு தாளும் ஒரே மேசைக்கு வந்தன. இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தானா என்று கேட்டு, இரண்டு சாட்சியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மாமாவே ஒரு சாட்சியாக வந்து கையெழுத்துப் போட்டார், முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாமல்.

அப்புறம், உங்கள் பாட்டி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயரைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கும். ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அவருக்கு வியாகுலம் என்று வைத்தது யார், எந்தக் கோயிலில் தண்ணீர் ஊற்றினார்கள், ஞானத்தாய் யார் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.